ஐந்தாம் எண் அலமாரி

இது புகார்க் கதை அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணவன் பேனாவை எடுத்தால் மனைவிமேல் குற்றப்பத்திரிகை வரும் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். இது நன்றியுரை. நன்றி முதலில் ஒரு பிளாஸ்டிக்குக்கு. இரண்டாவதாக என் மனைவிக்கு. இதைப் படிக்கும்போது அந்த வரிசையை அவளே மாற்றிக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். எங்கள் வீட்டு நடைவழி அலமாரியைக் கைப்பற்றுவது. வாயில் நுரை இருந்ததால் அதை உரக்க அறிவிக்க முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

நான் ஒரு கலைக்களஞ்சிய அலுவலகத்தில் மெய்ப்பு பார்ப்பவன். அடுத்தவர் எழுதியதில் தவறு கண்டுபிடிப்பது என் தொழில். வீட்டில் அந்தத் தொழிலை என் மனைவி பார்க்கிறாள். இருபத்தாறு வருடங்களில் என் அலுவலக அறையில் என்னுடைய சொந்தப் புத்தகங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டன. அகராதிகள், நிலப்படங்கள், பறவை நூல்கள், சொற்பிறப்பு ஆராய்ச்சிகள். பாலம் கட்டுவது பற்றி மட்டும் ஏழு. நான் இதுவரை பாலம் எதுவும் கட்டியதில்லை. ஆனால் யாராவது தவறாகக் கட்டினால் சொல்லிவிடுவேன்.

இப்போது அலுவலகம் சிறிய கட்டடத்துக்கு மாறுகிறது. வியாழக்கிழமை மாலைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். மிஞ்சியிருப்பதெல்லாம் வெள்ளிக்கிழமை காலை காகித ஆலைக்குப் போகும் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. அங்கே ஊறவைத்து, கூழாக்கி, முட்டை அட்டையாக வார்த்துவிடுவார்கள். என் சொற்பிறப்பு அகராதிமேல் முப்பது முட்டைகள் உட்கார்ந்திருக்கும் காட்சி கண்முன் வந்து வந்து போயிற்று.

எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை, இவற்றை இணைக்கும் ஒரு நடைவழி. புத்தகம் வைக்க ஒரே இடம் அந்த நடைவழியின் சுவர் அலமாரிதான். தரையிலிருந்து கூரைவரை ஏழு தட்டு. அளந்து பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களுக்கென்றே தச்சர் செய்தது மாதிரி இருந்தது. ஆனால் ஏழு தட்டிலும் டப்பாக்கள். ஐஸ்கிரீம் வந்த டப்பா, சூப் வந்த டப்பா, கேக் வந்த டப்பா, என்ன வந்தது என்று எவருக்கும் நினைவில்லாத டப்பா. எண்ணினேன். நூற்று நாற்பத்தேழு. அலுவலகத்தில் கலைக்களஞ்சியம், வீட்டில் கலையாத களஞ்சியம்.

எல்லாம் ஒரே பிளாஸ்டிக். பாலிப்ரோப்பிலீன். இந்தத் தலைப்புக் கட்டுரையைப் போன வருடம் நான்தான் மெய்ப்பு பார்த்தேன். அதனால் அதைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நம்பிக்கை இருந்தது.

மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் பகுதியில் இருக்கிறாள். கையில் ஒரு கட்டுக் கடிதம் கொடுத்தால், நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் தெருவாரியாகப் பிரித்துவிடுவாள்.

"ஏம்மா, ஒரு விஷயம்."

"சொல்லுங்க. சுருக்கமா."

"பாலிப்ரோப்பிலீன்னு ஒரு பொருள்..."

"சுருக்கமான்னு சொன்னேன்."

"அலமாரியில இருக்கிற டப்பாவெல்லாம் அதுதான். அற்புதமான பொருள். நூத்தி அறுபது டிகிரி சூடு வந்தாத்தான் உருகும்."

"அப்ப என் பொறுமையைவிட நல்லாத் தாங்கும்."

"மூடியும் டப்பாவும் ஒட்டி வருது பாரு, அந்த மடிப்பு. லட்சம் தடவை மடக்கினாலும் ஒடியாது."

"நீங்க சொன்னதையே லட்சம் தடவை சொல்லுவீங்களே, அது மாதிரியா?"

"அமிலம் அரிக்காது. தண்ணி ஊறாது. கயிறு, சாக்கு, பாட்டில் மூடி, ஊசி மருந்து ஏத்துற சிரிஞ்சு, முகக்கவசம், காரோட முன்பக்க பம்பர், எல்லாத்துலயும் இருக்கு."

"நம்ம அலமாரியிலயும் இருக்கு. அதுல என்ன கஷ்டம் உங்களுக்கு?"

வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மறுசுழற்சிக்கு அனுப்பணும். தெருக்கோடியில மையம் திறந்திருக்காங்களே. தூளாக்கி, கழுவி, உருக்கி, மணியாக்கி, பூந்தொட்டி, துடைப்பம், பேட்டரிப் பெட்டின்னு புது ஜென்மம் கொடுப்பாங்க. அலமாரி காலியாகும். என் புத்தகமும் பிழைக்கும்."

"பேப்பரும் மறுசுழற்சிதானே? புத்தகத்தை ஆலைக்கு அனுப்புங்க. அழகா முட்டை அட்டை வருமே."

"அது வேற!"

"எப்படி வேற?"

"புத்தகத்துல எழுத்து இருக்கு. டப்பாவுல என்ன எழுத்து இருக்கு?"

அவள் கைப்பையின் ஜிப்பைப் பாதியில் நிறுத்தினாள். "அடியில பாத்தீங்களா?"

"பாக்காம பேசுவேனா? மூணு அம்பு ஒண்ணையொண்ணு துரத்துற முக்கோணம். நடுவுல அஞ்சு. அது பாலிப்ரோப்பிலீனோட எண்."

"அஞ்சு மட்டும்தான் இருந்துச்சா?"

"வேற என்ன இருக்கணும்?"

"ஒண்ணுமில்ல." ஜிப்பை முழுக்க இழுத்தாள். "சரி. எடுத்துட்டுப் போங்க."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. பதினேழு வருட இல்லறத்தில் முதல் சுற்றிலேயே அவள் சரி சொன்ன வரலாறு இல்லை. நான் பதினோரு வாதங்கள் கைவசம் வைத்திருந்தேன். நான்குதான் செலவாகியிருந்தது.

"நிஜமாவா?"

"நிஜமா. ஆனா கழுவி, லேபிளைச் சுரண்டி, பிரிச்சு எடுத்துட்டுப் போகணும். பிசுபிசுன்னு கொண்டுபோய் என் மானத்தை வாங்கக் கூடாது. எனக்கு நாளைக்குப் பார்சல் ஷிப்ட். நீங்களே பாத்துக்கோங்க."

என் கொள்கைக்கும் அவள் கொள்கலனுக்கும் நடந்த போரில் நான் ரத்தம் சிந்தாமல் வென்றதாக அன்றைக்கு நாட்குறிப்பில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. அவள் அடிக்கடி எடுத்துப் படித்துச் சிரிக்கிறாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு முற்றத்துப் பொதுக்குழாயடியில் பெரிய தொட்டியை வைத்து நிரப்பினேன். டப்பாக்களை நாலு நடையில் இறக்கினேன். எங்கள் கட்டடம் நான்கு தளம், தளத்துக்கு ஆறு வீடு. நாங்கள் இரண்டாம் மாடி. பதினோரு வருடமாகக் குடியிருக்கிறோம். எட்டு மணிக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்புகிறவன் நான். படியேறும்போதும் புத்தகம் படித்துக்கொண்டே ஏறுவேன். அதனால் படிகளின் எண்ணிக்கை எனக்குத் துல்லியமாகத் தெரியும். மனிதர்களைத்தான் தெரியாது. கீழ்த்தளத்துத் தையற்காரர் ஒருவரை மட்டும் தெரியும். அதுவும் என் கால்சட்டைகள் காலப்போக்கில் இறுகியதால் ஏற்பட்ட பழக்கம்.

அவர் கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார்.

"என்ன சார், டப்பாவுக்கு நீச்சல் கத்துக் கொடுக்கறீங்களா?"

"சோதனை. பாலிப்ரோப்பிலீன் தண்ணியைவிட லேசு. மிதக்கும். தண்ணி பாட்டில் செய்யற பிளாஸ்டிக் கனம். முங்கும். எது மிதக்குதோ அது நம்ம ஆளு."

"மிதக்கறதெல்லாம் அதுதானா?"

"பால் கேன் செய்யற பிளாஸ்டிக்கும் மிதக்கும். அதனாலதான் அடியில அஞ்சுங்கற எண்ணையும் பாக்கணும்."

"எண்ணைப் பாத்தாலே தெரியுமில்ல? அப்புறம் எதுக்கு சார் நீச்சல்?"

கூர்மையான கேள்வி. நான் காது கேட்காதவன் மாதிரி ஒரு மூடியைத் தேய்த்தேன். தக்காளிச் சாறு எண்ணெயோடு சேர்ந்து செக்கச்செவேலென்று ஏறியிருந்தது. பாலிப்ரோப்பிலீன் தண்ணீரைச் சேர்க்காது, எண்ணெயைச் சேர்த்துக்கொள்ளும். எண்ணெயோடு நிறமும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு தேய்த்தாலும் வெளியே வராது. இதையும் விளக்கினேன். தையற்காரர் மிதக்கும் ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதுல அஞ்சுக்குப் பக்கத்துல சிவப்புல ஏதோ இருக்கே. சைபர், கோடு, ஒண்ணு."

"அது அச்சு எண். தொழிற்சாலையில நூத்துக்கணக்குல அச்சு இருக்கும். எந்த அச்சுல வார்த்ததுன்னு குறிப்பாங்க. குறை வந்தா கண்டுபிடிக்க."

"நகப்பூச்சு மாதிரி இருக்கு சார்."

"மாதிரி இருக்கும். தொழில்துறைச் சாயம். சீக்கிரம் அழியாது."

"எல்லாத்துலயும் வேற வேற எண் இருக்கே. மூணு, கோடு, ரெண்டு. ஒண்ணு, கோடு, நாலு..."

"நான்தான் சொன்னேனே, நூத்துக்கணக்குல அச்சு."

அவர் அந்தச் சைபர்-கோடு-ஒண்ணு டப்பாவை ஒரு மாதிரி பாசத்தோடு பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் மூலக்கூறு சங்கிலிகள் பற்றி ஆரம்பித்துவிட்டேன். பாவம், டப்பாவை மெல்லத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு இரண்டு பெரிய சாக்குகளில் கட்டி, தெருக்கோடி மையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சாக்கும் பாலிப்ரோப்பிலீன் நாடாவில் நெய்ததுதான். பிள்ளைகளைத் தாயே தூக்கிச் செல்வது போல இருந்தது. அந்த உவமையை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மையத்தில் ஒரு மேஜைத் தராசுக்குப் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை கையுறை. நெற்றியில் தூக்கி விட்ட கண்ணாடி. எல்லோரும் தராசு அம்மா என்று கூப்பிட்டார்கள். நான் உவமையைச் சொன்னேன். அவர் தராசைத் துடைத்தார்.

"கொட்டுங்க."

கொட்டினேன். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். அடியைப் பார்த்தார். ஓரத்தை அழுத்தினார். வெளிச்சத்தில் பிடித்தார். வெடித்தது, கீறியது, வெயிலில் கிடந்து நொறுங்கத் தொடங்கியது என்று பதினொன்றைப் பொறுக்கித் தராசில் போட்டார். மிச்சத்தை என் பக்கம் தள்ளினார்.

"இதெல்லாம் எடுக்க மாட்டேன்."

"ஏம்மா? எல்லாம் அஞ்சாம் எண். எல்லாத்தையும் கழுவியிருக்கேன். மிதக்க விட்டுப் பாத்திருக்கேன்!"

"கழுவினது நல்லா இருக்கு. இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டு வந்ததில்ல. கை வலிக்கலையா?"

"வலிக்குது."

"நல்லா இருக்கிற டப்பாவை உருக்கறதுக்கு நான் எதுக்கு உக்காந்திருக்கேன்? ஓடியாடி வேலை செய்யறவனுக்குக் கட்டாய ஓய்வு கொடுப்பாங்களா? உருக்க உருக்க அந்தப் பிளாஸ்டிக்கோட பலம் குறையும், தெரியுமா?"

"தெரியும். சங்கிலி அறுந்து அறுந்து குட்டையாகும். அதனாலதான் புதுசு கொஞ்சம் கலப்பாங்க."

"தெரிஞ்சுமா கொண்டு வந்தீங்க?"

கலைக்களஞ்சியத்தில் அந்த வரிக்கு ஒரு காற்புள்ளி போட்டதே நான்தான்.

"அது மட்டும் இல்ல, சார்," என்றார் தராசு அம்மா. "அடுத்த வீட்டுச் சாமானை, அதுவும் நல்லா இருக்கறதை, நான் எடுக்கறதில்ல."

"அடுத்த வீடா? எல்லாம் எங்க அலமாரியில இருந்தது."

ஒரு டப்பாவைக் கவிழ்த்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். "படிங்க."

"அஞ்சு."

"பக்கத்துல?"

"மூணு, கோடு, ரெண்டு. அச்சு எண்."

தராசு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் உடல்நிலை பற்றிய கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"மூணாவது மாடி, ரெண்டாவது கதவு. இது மூணாவது மாடி நர்ஸ் வீட்டு டப்பா. இது சைபர்-ஒண்ணு. கீழ்த்தளம், முதல் கதவு. தையற்காரர் வீடு. உங்க வீட்டம்மா தபால்லதானே வேலை செய்யறாங்க? யார் வீட்டு டப்பா வந்தாலும் விலாசம் எழுதித்தான் அலமாரியில வைப்பாங்க. எந்தத் தட்டுல எந்த மாடின்னுகூடப் பிரிச்சு வச்சிருப்பாங்களே, பாக்கலையா?"

பார்த்திருக்கிறேன். ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்று பலமுறை கண்டித்தும் இருக்கிறேன்.

இருபத்தாறு வருடம் ஒற்றுப்பிழைக்கு உயிரை விட்டவன் நான். நூற்று நாற்பத்தேழு டப்பாக்களின் அடியில் சிவப்பு எழுத்தில் இருந்த விலாசத்தைப் படிக்கவில்லை. தொழிலை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பிறகு, வீட்டிலேயே உட்கார வேண்டியிருக்கும் என்பதால் அந்த யோசனையை விட்டேன்.

"இப்ப நான் என்ன செய்யறது?"

"விலாசம் இருக்கே. கொண்டுபோய்க் கொடுங்க."

யோசித்துப் பார்த்தால் எனக்கு இது தோல்வியாகத் தெரியவில்லை. டப்பா உருகினால் என்ன, உரியவரிடம் போனால் என்ன? அலமாரி காலியாகிறது. அதுதானே வேண்டும்? புது உற்சாகத்தோடு சாக்குகளைத் தூக்கினேன்.

எங்கள் கட்டடத்தில் ஒரு சட்டம் இருப்பது அன்று மதியம்தான் எனக்குத் தெரிய வந்தது. டப்பா ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் காலியாகப் போகக் கூடாது. ஏதாவது உள்ளே இருக்க வேண்டும். ஒரு துண்டு கேக், நாலு பிஸ்கட், ஒரு கிண்ணம் சூப், ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழம். எழுதப்படாத சட்டம். எழுதப்படாததால் நான் படித்திருக்கவில்லை.

முதலில் தட்டியது மூன்றாம் மாடி நர்ஸ் வீட்டுக் கதவை. கதவைத் திறந்தவர் டப்பாக்களைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். அடுத்ததன் மூடியைத் திறந்தார்.

"காலியா இருக்கு."

"ஆமா. கழுவித் துடைச்சிருக்கேன்."

"ஆறும் காலியா?"

"ஆறும்."

அவர் முகம் வாடிவிட்டது. "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"அப்ப என்மேல ஏதாவது கோபமா?"

"சேச்சே. அலமாரியில இடம் வேணும், அதான்..."

"நீங்க யாரு?"

"அவங்க வீட்டுக்காரர்."

"அக்காவுக்கு வீட்டுக்காரர் இருக்காரா!"

அடுத்து முதல் மாடியில், ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். கனமான மனிதர். கதவை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றார்.

"எந்த வீடு நீங்க?"

"மேல். ரெண்டாவது மாடி, நாலாவது கதவு."

"புதுசா குடி வந்திருக்கீங்களா?"

"பதினோரு வருஷம் ஆச்சு."

"ஓ! படிக்கட்டுல புத்தகத்தால மூஞ்சியை மறைச்சுக்கிட்டுப் போவாரே, அவரா? ஏதோ வழக்குல மாட்டினவர்னுல நினைச்சேன். உள்ள வாங்க, உள்ள வாங்க."

உள்ளே போனேன். தேநீர் வந்தது. கையில் ஒரு ரயில் பாலத்தின் புகைப்படத்தைக் கொடுத்து, இந்தப் பாலத்தில் ஏன் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்வார்கள் என்று முப்பது வருடமாகத் தெரியவில்லை என்றார். எனக்குத் தெரிந்தது. இருபது நிமிடம் சொன்னேன். அவர் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்படி இருபத்துமூன்று கதவுகள். ஒரு வீட்டில் டப்பாவில் பொத்தான்கள், ஒரு வீட்டில் மாத்திரைகள், ஒரு வீட்டில் ஒரு சிறுமியின் கூழாங்கல் சேகரிப்பு. எங்கும் ஐந்தாம் எண். எங்கும் நான் இரண்டு தகவல் சொன்னேன். எங்கும் மூடியைத் திறந்து பார்த்து முகம் வாடினார்கள். நான் அந்த வாட்டத்தைப் பிளாஸ்டிக் பற்றிய அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். மாலை ஆறு மணிக்கு நூற்று முப்பத்தாறு டப்பாவும் உரியவரிடம் சேர்ந்துவிட்டன. அலமாரியின் ஏழு தட்டையும் ஈரத்துணியால் துடைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதன் வெறுமையை ஒரு ஓவியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

ஆறரைக்கு அழைப்பு மணி அடித்தது.

நர்ஸ். கையில் ஒரு பெரிய டப்பா சூப். "அக்காவுக்குச் சூடா கொடுங்க. உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க." பின்னால் அவர் தங்கை, கையில் அடுக்கிய ஏழு டப்பா. "இதெல்லாம் அக்காவோடது. எங்க வீட்டுலயே தங்கிடுச்சு. நீங்க எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டீங்க. நாங்க மட்டும் எப்படி வச்சுக்கிறது?"

நான் வாங்கிப் பார்த்தேன். அடியில் சிவப்பில், இரண்டு-கோடு-நாலு. எங்கள் விலாசம்.

அப்போதுதான் புரிந்தது. எங்கள் அலமாரியில் இருந்தது எதுவும் எங்களுடையது அல்ல. எங்களுடையதெல்லாம் இருபத்துமூன்று வீடுகளில் இருந்தது. நான் கணக்குத் தீர்க்கப் போக, அவர்களும் தீர்க்கிறார்கள். அதுவும் சட்டப்படி, காலியாக அல்ல.

மனைவி ஏழரைக்கு வந்தபோது நடைவழியில் நடக்க வழி இல்லை. சூப், அவித்த கிழங்கு, பழத்துண்டு, கேக், மறுபடியும் சூப். கோபமா என்று கேட்டு ரயில் டிரைவர் மனைவி ஒரு சீட்டு வேறு வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் நூற்று அறுபத்தேழு டப்பா. ஏழு தட்டும் நிறைந்து, மேலே கூரையை முட்டியது. முன்பு இருந்ததைவிட இருபது அதிகம். வியாழனுக்கு இரண்டே நாள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதாவது, நாலு வீட்டுச் சூப்போடு நிறுத்திக்கொண்டேன்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"முடிஞ்சுபோச்சு. இருபத்தாறு வருஷச் சேகரிப்பு. வெள்ளிக்கிழமை கூழ்."

"யார் சொன்னது? இருபத்துமூணு வீட்டுலயும் சரின்னு சொல்லிட்டாங்க."

"எதுக்கு?"

"உங்க புத்தகத்தை வச்சுக்க. வீட்டுக்குப் பத்து, பதினஞ்சு. தராசு அம்மாவும் கேட்டிருக்காங்க."

"எப்பக் கேட்ட?"

"நேத்தும் இன்னிக்கும், வீடு வீடாப் போய். உங்க சுற்றறிக்கை சட்டைப் பையிலேயே இருந்துச்சே, போன வாரமே துவைக்கும்போது எடுத்துப் படிச்சேன். நீங்களா சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன். நீங்க பாலிப்ரோப்பிலீன்னு ஆரம்பிச்சீங்க."

"அப்பவே அவங்ககிட்டக் கேட்டிருக்கலாமே! நான் எதுக்கு நூத்திநாப்பத்தேழு டப்பாவைக் கழுவினேன்?"

"நான் கேட்டா வேணாம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா முகம் தெரியாத ஆளோட புத்தகத்தை வீட்டுக்குள்ள வச்சுக்கிறதுன்னா யோசிக்க மாட்டாங்களா? பதினோரு வருஷத்துல ஒரு கதவையாவது தட்டியிருக்கீங்களா? வாங்க, பேசுங்கன்னு சொன்னா நீங்க போவீங்களா? ஒரு கொள்கைன்னாத்தான் கிளம்புவீங்க. அதனால தராசு அம்மாகிட்டச் சொல்லி வச்சேன். ரெண்டு சாக்கோட ஒருத்தர் வருவார், நிறையப் பேசுவார், அடியில இருக்கறதைப் படிக்க வச்சுத் திருப்பி அனுப்புங்கன்னு."

"படிக்க மாட்டேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சனிக்கிழமை உங்களைக் கேட்டேனே. அஞ்சு மட்டும்தானான்னு."

கோபப்பட முயன்றேன். வரவில்லை. சூப் தடுத்தது.

புதன்கிழமை மாலை எங்கள் அலுவலக வாசலில் ஒரு தையற்காரர், ஒரு ரயில் டிரைவர், ஒரு நர்ஸ், அவர் தங்கை, இன்னும் எட்டுப் பேர் சாக்குகளோடு வந்து நின்றார்கள். அந்தச் சாக்குகள் கிழியாமல் அகராதிகளைத் தாங்கியதற்காகப் பாலிப்ரோப்பிலீனுக்கு என் முதல் நன்றி. என் மேலதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மெய்ப்பு பார்க்கிறவருக்கு இத்தனை உறவுக்காரங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தச் சொல்லில் திருத்த எதுவும் இல்லை.

முற்றத்தில் கொட்டியதும் மனைவி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பிரித்தாள். ஒரு புத்தகத்தைப் பார்ப்பாள், ஒரு வீட்டைச் சொல்வாள். பாலம் ஏழும் டிரைவர் வீட்டுக்கு. பறவைகள் முதல் மாடி நாலாவது வீட்டு முதியவருக்கு, அங்கேதான் ஜன்னலில் குருவி வருகிறது. நிலப்படங்கள் கூழாங்கல் சிறுமிக்கு. சொற்பிறப்பு அகராதி நர்ஸுக்கு, மருந்துப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று அவருக்கு ஆசையாம். நான் இருபத்தாறு வருடம் அகர வரிசையில் அடுக்கியிருந்ததை நாற்பது நிமிடத்தில் ஆள் வரிசையில் அடுக்கிவிட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட முட்டை அட்டை ஆகவில்லை.

அவற்றை இப்போது படிக்கவும் செய்கிறார்கள். ரயில் டிரைவர் என் பாலப் புத்தகத்தில் மூன்று பிழை கண்டுபிடித்துக் கதவைத் தட்டிச் சொன்னார். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மாலையில் படியேறும்போது புத்தகம் பிடிக்க முடிவதில்லை, மாடிக்கு மாடி யாராவது நிறுத்திவிடுகிறார்கள். வீடு சேர எட்டரை ஆகிறது. பதினோரு வருடம் நான் எங்கே குடியிருந்தேன் என்று தெரியவில்லை.

ஒரே ஒரு சிறு நடைமுறைச் சிக்கல். எனக்கு ஒரு புத்தகம் வேண்டுமென்றால் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வெறுங்கையோடு போக முடியாது. டப்பாவோடுதான் போக வேண்டும். டப்பா காலியாக இருக்கக் கூடாது.

"ஏம்மா, நர்ஸ் வீட்டுக்குப் போகணும். டப்பாவுல போட ஏதாவது செஞ்சு தர்றியா?"

"யாரோட புத்தகம்?"

"என்னோடதுதான்."

"அடுப்பு அங்க இருக்கு."

இந்த நன்றியுரையை முடிக்கும் முன் 'நன்றி' என்ற சொல்லின் வேரை ஒருமுறை அகராதியில் சரிபார்த்துவிடலாமென்று நேற்று நினைத்தேன். மூன்று வெங்காயம் ஆயிற்று.